குச்சி முனையில் ஒரு வாய் இனிப்பு! - மார்ஷ்மெல்லோ முதல் ஆடித் தேங்காய் வரை

ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி என்று எந்த மலைக்கு ரூம் தேடினாலும் இப்போது ஒரு வரி தவறாமல் கண்ணில் படுகிறது. 'மாலையில் கேம்ப் ஃபயர் உண்டு.' நாலு விறகு, ஒரு ஸ்பீக்கர், சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். இதுவரை அவ்வளவுதான் இருந்தது. சமீப காலமாக அதோடு ஒரு நீளக் குச்சியும் ஒரு பாக்கெட் மார்ஷ்மெல்லோவும் சேர்ந்திருக்கின்றன.

குழந்தைகளுக்கு அது என்னவென்று கார்ட்டூன் பார்த்தே தெரியும். பெரியவர்கள்தான் "பஞ்சு மிட்டாயா, சோப்பா?" என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனால், குச்சியில் குத்தியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நேராகக் கொழுந்துவிட்டு எரியும் தீக்குள் நீட்டுவது. ஐந்தாறு நொடிகளில் அது தீப்பந்தம்போலப் பற்றிக்கொள்ளும். ஊதி அணைத்துப் பார்த்தால் வெளியே கரி, உள்ளே இன்னும் பச்சை.

தீயில் காட்டக் கூடாது, தணலில் காட்ட வேண்டும். அமெரிக்கச் சாரணர் சிறுமியில் தொடங்கி டென்மார்க் அப்பா, ஜப்பான் தாத்தா, சேலத்து அம்மாயி வரை நெருப்பில் இனிப்பு சுடும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும் பாடம் இது. அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சில நாடுகளுக்குப் போய் வரலாம், வாங்க.

வெண்டைக்காய்க்குச் சொந்தக்காரன்

மார்ஷ்மெல்லோ என்பது முதலில் மிட்டாயின் பெயரே இல்லை, ஒரு செடியின் பெயர். சதுப்பு நிலத்தில் வளரும், நம் செம்பருத்திக்கும் வெண்டைக்காய்க்கும் ஒரே குடும்பம். வெண்டைக்காயை நறுக்கினால் வருகிறதே வழவழப்பு, அதேபோல இதன் வேரிலும் உண்டு. தொண்டைக் கரகரப்புக்கு மருந்தாக அதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் மிட்டாய்க்காரர்கள் அந்த வேர்ச்சாற்றோடு முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்து நுரைக்கவைத்து மிட்டாயாக்கினார்கள். பிறகு வேலையைச் சுலபமாக்க ஜெலட்டின் வந்தது. செடி கழன்றுகொண்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் மார்ஷ்மெல்லோவில் அந்தச் செடி பெரும்பாலும் ஒரு துளிகூடக் கிடையாது.

இங்கே ஒரு குறிப்பு. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுபவர்கள் பாக்கெட்டைத் திருப்பி பச்சைக் குறியா, பழுப்புக் குறியா என்று பார்த்துவிடுங்கள். அகர் அகர் எனும் கடல்பாசியில் செய்தவையும் இருக்கின்றன. ஆனால், எல்லாமே தணலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சில வகை, பொன்னிறமாவதற்குள் குச்சியைவிட்டு நழுவி நெருப்பில் விழுந்துவிடும்.

ஜெலட்டின் ஏறக்குறைய நம் உடல் சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. தணல் அருகே பிடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிய, அது புஸ்ஸென்று உப்புகிறது. வெளித்தோலில் சர்க்கரை பழுப்பாகி அந்த மணம் வருகிறது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு நிமிடங்களில் நாலு பக்கமும் பொன்னிறம். அவசரப்பட்டால் நான் மேலே சொன்ன தீப்பந்தம்.

'இன்னும் கொஞ்சம்' என்று பெயர்

அமெரிக்காவில் இதைத் தனியாகச் சாப்பிடுவதைவிட இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்துச் சாப்பிடுவதுதான் பழக்கம். ஒரு கிரஹாம் பிஸ்கட், மேலே ஒரு துண்டு சாக்லேட், அதன்மேல் சுட்ட மார்ஷ்மெல்லோ, மூட இன்னொரு பிஸ்கட். அமுக்கினால் சூட்டில் சாக்லேட் இளகி ஓரம் வழியே வழியும். 'ஸ்மோர்' என்று பெயர். 'சம் மோர்', அதாவது 'இன்னும் கொஞ்சம்' என்பதன் சுருக்கம்.

1927-ல் அமெரிக்கப் பெண் சாரணர் அமைப்பு வெளியிட்ட கையேட்டில் 'சம் மோர்' என்ற பெயரிலேயே இதன் செய்முறை இருக்கிறது. எட்டுப் பேருக்கு 16 பிஸ்கட், 16 மார்ஷ்மெல்லோ, 8 சாக்லேட் பார் என்று கணக்கு. ஆளுக்குக் குச்சியும் ஒன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிரஹாம் பிஸ்கட்தான். சில்வெஸ்டர் கிரஹாம் (1794-1851) என்ற மதபோதகரின் பெயர் அது. மசாலா கூடாது, இறைச்சி கூடாது, நாவுக்கு ருசி தேடினால் மனசு கெடும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். தவிடு நீக்காத கோதுமை மாவுதான் அவருடைய தாரக மந்திரம். அவர் பேரில் வந்த பிஸ்கட்டுக்குள் சாக்லேட்டையும் சர்க்கரை நுரையையும் வைத்து அடைத்து, 'இன்னும் கொஞ்சம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மனுஷன் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

மாவைச் சுற்றும் ஊர்கள்

ஐரோப்பாவில் குச்சியில் இருப்பது மார்ஷ்மெல்லோ அல்ல, மாவு. டென்மார்க்கில் 'ஸ்னோபிரோ' என்பார்கள். 'முறுக்கிய ரொட்டி' என்று பொருள். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த கோதுமை மாவைக் கயிறுபோல உருட்டி, குச்சி முனையில் பாம்பு சுற்றுவதுபோலச் சுற்றித் தணலில் காட்டுகிறார்கள். பத்து நிமிடமாவது ஆகும். வெந்ததா என்று பார்க்க ஒரு வழி: மெதுவாகத் திருகினால் குச்சியைவிட்டுச் சுலபமாகக் கழன்று வர வேண்டும். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. கழற்றியதும் நடுவில் ஓட்டை இருக்கும் இல்லையா? அதில் ஜாமை ஊற்றி, மறுபக்கம் ஒழுகுவதற்குள் சாப்பிட வேண்டும். இதே சங்கதிக்கு ஜெர்மனியில் 'ஸ்டோக்பிரோட்', ஸ்வீடனில் 'பின்பிரோட்' என்று பெயர். இரண்டுக்குமே 'குச்சி ரொட்டி' என்றுதான் அர்த்தம்.

டென்மார்க்கில் இதற்கென்றே ஒரு ராத்திரி உண்டு. ஜூன் 23, சங்க்த் ஹான்ஸ் மாலை. கடற்கரையிலும் பூங்காக்களிலும் பெரிய சொக்கப்பனை மாதிரி விறகை அடுக்கி, உச்சியில் வைக்கோலில் செய்த சூனியக்காரி பொம்மையை வைத்துக் கொளுத்துவார்கள். கோடைக்காலம் என்பதால் அந்த ஊரில் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். பெரிய தீயில் யாரும் ரொட்டி சுடுவதில்லை, பக்கத்தில் நெருங்கவே முடியாது. குழந்தைகளுக்கென்று ஓரமாகச் சின்னதாக ஒரு தணல் தனியாக இருக்கும். பேச்சு, பாட்டு, நெருப்பு எல்லாம் பெரியவர்களுக்கு, குச்சியும் மாவும் குழந்தைகளுக்கு. பத்து நிமிடம் ஒரு குழந்தை ஒரே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்காகவே இந்த ரொட்டியைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 'டேம்பர்' என்று ஒரு ரொட்டி. ஆடு, மாடு மேய்ப்பவர்கள் வாரக்கணக்கில் காட்டுவெளியில் அலையும்போது கையிலிருக்கும் மாவு, உப்பு, தண்ணீரைப் பிசைந்து நேராகச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டது. தட்டித் தட்டிச் சாம்பலை உதறிவிட்டு, கெட்டியான சர்க்கரைப் பாகை ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் புல் விதைகளை அரைத்துச் சாம்பலில் சுட்டு உண்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கிடைத்த அரைக்கும் கற்களின் வயது சுமார் 30,000 ஆண்டுகள்.

இங்கிலாந்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். நவம்பர் 5. நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி 1605-ல் முறியடிக்கப்பட்ட நாள். ஊரெங்கும் நெருப்பு மூட்டுவார்கள், வாணவேடிக்கை நடக்கும். ஆனால், தின்பண்டத்தை நெருப்பில் சுடுவதில்லை, வீட்டிலிருந்து செய்து கொண்டுவருகிறார்கள். கரும்புப் பாகில் காய்ச்சிய கறுப்பு டாஃபி ஒன்று. ஓட்ஸும் பாகும் இஞ்சியும் சேர்த்த 'பார்கின்' கேக் இன்னொன்று. பார்கினை அன்றே தின்னக் கூடாதாம், டப்பாவில் மூடி சில நாள் ஊறவிட்டால்தான் பதம் வரும் என்கிறார்கள் யார்க்‌ஷயர்காரர்கள். நம் அதிரசத்துக்கு மாவைப் புளிக்கவைக்கிற பொறுமைதான்.

ஜப்பானின் போகி

நான் படித்ததிலேயே மனதில் பசக்கென்று ஒட்டிக்கொண்டது ஜப்பானின் 'தொந்தோயாகி'தான். காரணம், அது நம் போகிக்கு அப்படியே அண்ணன் தம்பி.

ஜனவரி 14, 15 தேதிகளை ஒட்டி நடக்கும். புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் கட்டிய பைன் கிளை, மூங்கில், வைக்கோல் கயிறு, பழைய தாருமா பொம்மை எல்லாவற்றையும் ஊர் மக்கள் ஒரு பொது இடத்தில் கொண்டுவந்து குவித்துக் கொளுத்துவார்கள். கணு உள்ள மூங்கில் சூட்டில் வெடிக்கும்போது வரும் 'தொம், தொம்' சத்தத்தில்தான் பெயர் வந்தது என்பார்கள். புத்தாண்டில் குழந்தைகள் தூரிகையால் எழுதிப் பழகிய முதல் எழுத்துத் தாளையும் இதில் போடுவதுண்டு. தாள் எவ்வளவு உயரம் பறக்கிறதோ, அவ்வளவு அழகாகக் கையெழுத்து வருமாம்.

தீ அடங்கி, தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போதுதான் அடுத்த கட்டம். நீண்ட மூங்கில் கழியிலோ மரக்கிளையிலோ அரிசி மாவு உருண்டைகளைக் குத்தி, சுற்றி நின்று எல்லோரும் நீட்டுவார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று கலர் கலராக உருண்டைகள். நம் கொழுக்கட்டையில் பூரணம் வைக்காமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்தத் தணலில் சுட்டதைத் தின்றால் அந்த ஆண்டு முழுக்க நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

இதைப் பார்ப்பதற்கென்றே போக வேண்டுமானால் டோக்கியோவுக்குத் தென்மேற்கே கானகாவா மாநிலத்தில் ஒயிசோ என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரை மணலில் ஒன்பது கூம்புகளை வரிசையாக நிறுத்திக் கொளுத்துகிறார்கள். கடல் பக்கம் இருட்டு, கரையில் ஒன்பது நெருப்பு, நடுவில் கழிகளை நீட்டியபடி ஊரே நிற்கும். ஜப்பான் அரசு இதை முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துப் பாதுகாக்கிறது. இந்தக் காலத்தில் உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கரி படாது, ஆனால் அந்தக் கரி வாசனைதானே விஷயம்!

இதே ஜனவரி நடுவில்தான் பஞ்சாபில் லோடி. நெருப்பைச் சுற்றி வந்து எள் மிட்டாய், வேர்க்கடலை, சோளப்பொரியைத் தீயில் கொஞ்சம் போட்டுவிட்டு மீதியைப் பகிர்ந்துகொள்வார்கள். அதே வாரம் இங்கே போகி. ஆனால், நம் போகித் தீயில் நாம் எதையும் சுட்டுத் தின்பதில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற தீயில் தின்பண்டத்தை நீட்ட யாருக்கு மனசு வரும்? 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தாமதமாயின. தின்பதற்காக மூட்டுகிற தீயில் கண்டதைப் போட மாட்டோம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

தீ மூட்டத் தடை

இந்தச் சுகமெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. ஜப்பானில் குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தி, அடியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துச் சுடுவது தெருவுக்குத் தெரு இருந்த பழக்கம். திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2001 முதல் சட்டம் இறுகியபின், தொந்தோயாகி போன்ற சடங்குகளுக்கும் சின்னச் சின்ன நெருப்புக்கும் விலக்கு இருந்தும், நகரங்களில் அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. கிழங்கை இப்போது சூடான கூழாங்கற்களில் சுட்டு வண்டியில் விற்கிறார்கள். நல்லவேளையாக ருசிக்குக் குறைவில்லை. கிழங்கின் மாவுச்சத்து இனிப்பாக மாறுவது 70 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில்தான். கல்லும் சாம்பலும் அந்தச் சூட்டை மெதுவாகக் கொடுக்கும். குக்கரில் நாலு விசில் விட்ட கிழங்கு அவ்வளவு இனிக்காததன் ரகசியமும் இதுதான்.

டென்மார்க்கில் 2023 ஜூன் கடுமையான வறட்சி. பல ஊர்களில் சங்க்த் ஹான்ஸ் நெருப்புக்கே தடை போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வெயிலும் காற்றும் மிகுந்த நாள்களில் 'முழுத் தீத்தடை' அறிவிப்பு வரும். அன்று காட்டில் டேம்பர் சுட்டால் தண்டனை. அமெரிக்காவில் 1944 முதல் தொப்பி போட்ட ஒரு கரடி பொம்மை, காட்டுத்தீயைத் தடுப்பது உன் கையில் என்று குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

நமக்கு அதைச் சொல்ல கரடி தேவையில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அது கேம்ப் ஃபயரால் வந்த தீ என்று சொல்லவில்லை. ஆனால், மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை அந்த மலை காட்டிவிட்டது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ரிசார்ட்காரர் 'அந்தப் பக்கம் வியூ பாயின்ட்ல போட்டுக்கலாம் சார்' என்று ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ மூட்டினாலும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். முடித்தபின் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே கையைக் காட்டினால் சூடு தெரியக் கூடாது. மார்ஷ்மெல்லோ பற்றிக்கொண்டால் குச்சியை வீசி ஆட்டக் கூடாது, பாகு தெறித்து அடுத்தவர் மேல் ஒட்டிக்கொள்ளும். ஊதித்தான் அணைக்க வேண்டும். முக்கியமாக, குச்சி. வேலியில் கைக்கு எட்டுகிறது என்று அரளிக் கொம்பை ஒடித்துச் சீவிவிடாதீர்கள். அரளி முழுக்க விஷம்.

சேலத்தில் ஆடி 1

குச்சி என்றதும் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து வாசகர்கள் இந்நேரம் 'எங்க ஊரை எப்போ சொல்வீங்க?' என்று கேட்டிருப்பீர்கள். ஆடி 1 அன்று எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடும் பண்டிகை. ஜூலை 17-ஐ ஒட்டி வரும். மகாபாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி ஆடி 18-ல் முடிந்தது என்றும், போர் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டு சுட்ட தேங்காயைச் சாமிக்குப் படைத்தார்கள் என்றும் கதை சொல்வார்கள்.

முதல் நாளே சந்தையில் அழிஞ்சில் குச்சிக் கட்டுகள் வந்துவிடும். தேங்காயின் நாரைச் சுத்தமாக உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவது சின்னப் பிள்ளைகள் வேலை. யார் தேங்காய் பளபளப்பு என்று போட்டியே நடக்கும். பிறகு ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, அந்த ஓட்டை வழியே ஊறவைத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள்ளு, தட்டிய வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றி, முனை சீவிய குச்சியால் இறுக்கமாக அடைத்து, மேலே மஞ்சள் பூசினால் தேங்காய் தயார்.

அப்புறம் வாசலில் தீ. தெருவே புகையாக இருக்கும். ஒரு தீயைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குச்சியைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். "கொழுந்துல காட்டாத கண்ணு, தணல்ல காட்டு. ஓடு கருகுனா ஆச்சா, உள்ள பருப்பு வேக வேணாமா?" என்று எங்கள் அம்மாயி வருடா வருடம் சொல்லும். முக்கால் மணி நேரம் போல ஆகும். ஓடு கறுத்து விரிசல் விடும், ஓரமாக வெல்லப் பாகு கொப்பளித்து வாசம் வரும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், பருப்பு ஓட்டைவிட்டுத் தானாகக் கழன்று வரும். தேங்காய் புகை வாசத்தோடு, உள்ளே வெல்லத்தில் வெந்த அவலும் பருப்பும். ஸ்மோர், ஸ்னோபிரோ, தொந்தோயாகி எல்லாம் ஒரு பக்கம் வைத்து இதை இன்னொரு பக்கம் வைத்தால் நான் எந்தப் பக்கம் போவேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப்பாசம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சேலத்திலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வாசல் இல்லாத வீட்டில் கேஸ் அடுப்பிலேயே தேங்காயைக் காட்டி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சித்தி குடியிருக்கும் இடத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பார்க்கிங் தாண்டி ஒரு மூலையில் மண் அடுப்பு, பக்கத்தில் தண்ணீர் டிரம், ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தீ. மாடியில் அவரவர் மூட்டினால் புகை என்று முதலில் மறுத்த மாமாதான் கடைசியில் டிரம் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

அமெரிக்காவில் ஆடி 1 வரும்போது பள்ளி விடுமுறை, கேம்ப்களும் ஸ்மோர்களும் களைகட்டுகிற நேரம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகள் போன வருடம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் நெருப்புக் குழியில் தேங்காய் சுட்டாள். அவள் பையனுக்கு ஏழு வயது. ஒரு கையில் மார்ஷ்மெல்லோ குச்சி, இன்னொரு கையில் அம்மாவின் தேங்காய்க் குச்சி. அழிஞ்சில் அங்கே ஏது? தோட்டத்து மரத்தில் ஒரு கொம்பை ஒடிக்கட்டுமா என்று வீடியோ காலில் அம்மாயியைக் கேட்டாள்.

"அது என்ன மரம்னு தெரியுமா கண்ணு?"

"தெரியல அம்மாயி."

"தெரியாத மரத்துல குத்தாத சாமி. மூங்கி இருந்தா அத நல்லா தண்ணில ஊறப்போட்டுக் குத்து."

ஊறவைத்த மூங்கில் குச்சி கடைசி வரை தாக்குப்பிடித்ததாம். அடைப்பு மட்டும் இறுக்கம் போதாமல் வெல்லம் கொஞ்சம் ஒழுகிவிட்டதாம். பையன் அந்த ஒழுகிய வெல்லத்தில் மார்ஷ்மெல்லோவைத் தொட்டுத் தின்றிருக்கிறான்.